அந்தச் சர்வேயை நிறுத்தாதீர்கள்: அகாடமியின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கமாண்டன்ட் அவர்களுக்கும், அகாடமியை மேற்பார்வையிடும் பயிற்சித் தலைமையகத்துக்கும்,

பாலியல் துன்புறுத்தல் பற்றி, படை அதிகாரிகளாகப் பயிற்சி பெறும் நம் கேடட்களிடம் ஆண்டுதோறும் பெயர் கேட்காமல் எடுத்துவந்த சர்வேயை இந்தப் பயிற்சியாண்டு முதல் நிறுத்துவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. பழைய கேடட்களின் கைமாறி அது என்னிடமும் வந்து சேர்ந்தது. மூன்று காரணங்கள் கொடுத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு புகார்ப் பதிவேட்டில் ஒரு புகார்கூட இல்லை. பெயரில்லாத பதில்களைச் சரிபார்க்க வழியில்லை. இந்த எண்கள் வெளியே போனால் அகாடமியின் பெயர் கெடுகிறது.

நான் இங்கே கேடட்டாக இருந்தவள். பிறகு பயிற்சி அதிகாரியாகவும் திரும்பி வந்தவள். அந்தப் படிவத்தை நிரப்பியும் இருக்கிறேன், கட்டுக்கட்டாக வாங்கி விநியோகித்தும் இருக்கிறேன். அதில் குறைகள் ஏராளம். அதிகாரிகள் கூட்டத்தில் அதைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நான் திட்டியது அதைத் திருத்துங்கள் என்பதற்காக. நீங்கள் அதைத் தூக்கியே போட்டுவிட்டீர்கள். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் அகாடமி எதை அளக்காமல் விட்டிருக்கிறது, சொல்லுங்கள். ஓட்டத்தில் ஒரு விநாடி பிந்தினாலும் ஏட்டில் ஏறும். சுடுதளத்தில் ஐந்து குண்டுகளும் எவ்வளவு நெருக்கமாகப் பதிந்தன என்பதைச் சென்டிமீட்டரில் எழுதுகிறோம். கட்டில் விரிப்பின் மடிப்பை விரல்வைத்துப் பார்த்த சார்ஜன்ட்களை நமக்கெல்லாம் தெரியும். கேடட் உடம்பு சரியில்லை என்று எத்தனை முறை சிக் ரிப்போர்ட் போனான், எத்தனை கிலோ கூடினான், தலைமைப் பண்புக்கு எத்தனை மதிப்பெண், எல்லாம் கோப்பில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்கு வரும்போது மட்டும் ‘இதையெல்லாம் எண்ணில் அடக்க முடியாது’ என்று சொல்லப் பழகிவிட்டோம்.

முதலில் அந்தப் பூஜ்ஜியத்தை எடுத்துக்கொள்கிறேன். புகார்ப் பதிவேடு எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும். எத்தனை பேருக்கு நடந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாடமிகள் மூன்றிலும் 2018-ல் எடுத்த சர்வேயை வைத்து, அந்த ஒரே பயிற்சியாண்டில் சுமார் 747 மாணவர்கள் விருப்பமில்லாத பாலியல் தொடுகைக்கு ஆளானார்கள் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டில் மூன்று அகாடமிகளுக்கும் சேர்த்துப் பதிவான புகார்கள் 117. அந்த 117-லும் சில, அகாடமியில் சேர்வதற்கு முன்னால் நடந்தவை பற்றியவை. பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாகவே யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர்களும் சும்மா இருந்தபோது இதைத் தொடங்கவில்லை. 2003-ல் விமானப்படை அகாடமியில் பாலியல் வன்முறை விவகாரம் வெடித்த பிறகு, பெண் கேடட்களிடம் தனியாக ஒரு சர்வே எடுத்தார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பெண், தனக்குப் பாலியல் வன்முறையோ அதற்கான முயற்சியோ நடந்தது என்று எழுதினாள். அந்தச் சம்பவங்களில் ஐந்தில் நான்கு புகாராகவே வரவில்லை. அதுவரை அங்கே இருந்த பதிவேடும் பார்க்க நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு அவர்களுடைய நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஆண்டுதோறும் மதிப்பீடு செய்வதைக் கட்டாயமாக்கியது. ஓர் ஆண்டு சர்வே, அடுத்த ஆண்டு குழுக்களாக உட்காரவைத்துப் பேச்சு. கமாண்டன்ட் மாறினாலும் அது மாறாது. சுற்றறிக்கை போட்டு நிறுத்தவும் முடியாது.

உங்கள் பூஜ்ஜியத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். ஒன்று, ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொன்று, நடந்தது, ஆனால் உங்களிடம் சொல்ல ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. இரண்டில் எது உண்மை என்பதைப் பதிவேடு எக்காலத்திலும் சொல்லாது. சர்வே எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். சர்வேயில் சம்பவங்கள் குறைய வேண்டும், அதே சமயம் நடந்தவற்றில் புகாராக வருபவற்றின் பங்கு கூட வேண்டும். ஒரு ஆண்டு புகார்கள் கூடினால் நம் அலுவலகங்களில் ஒரு பதற்றம் வருமே, அது பெரும்பாலும் தவறான இடத்தில் வரும் பதற்றம். பதறவேண்டியது, சர்வேயில் எண் ஏறும்போது பதிவேடு மட்டும் அமைதியாக இருந்தால்தான்.

ஏன் சொல்வதில்லை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் இந்த வராந்தாவில் ஓடியவர்தான். ஆனால் சுற்றறிக்கையைப் படித்தால் மறந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. முதல் டேர்ம் கேடட்டுக்கு சீனியர் கூப்பிட்டால் ஓடவேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. ராத்திரி எத்தனை மணி என்பதும் கணக்கில்லை. அவள் தூங்குவதும், துவைப்பதும், சாப்பிட்டு முடிக்க எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதும் அந்த சீனியரின் கையில். புகார் கொடுத்தால் அது யாரிடம் போகும்? அவளுடைய குணநலன் அறிக்கையை எழுதுகிற அதே அதிகாரியிடம். மெரிட் லிஸ்டில் ஓர் இடம் கீழே போனாலும் விரும்பிய பிரிவு கிடைக்காது. அப்புறம் கோர்ஸ்மேட்கள், ஒரே கோர்ஸில் கூடச் சேர்ந்தவர்கள். ‘கோர்ஸைக் காட்டிக் கொடுத்தவள்’ என்ற பெயர் பாசிங் அவுட் பரேடோடு முடிவதில்லை. பணியில் அடுத்த இருபது ஆண்டுகள் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

இன்னொரு காரணம் இன்னும் சின்னது, அதனாலேயே கண்ணில் படாமல் போகிறது. என் கோர்ஸ்மேட் ஒருத்திக்கு நடந்தபோது அவள் இருக்கக்கூடாத இடத்தில், இருக்கக்கூடாத நேரத்தில் இருந்தாள். விளக்கணைத்த பிறகு அனுமதி இல்லாமல், கேடட்கள் தங்கும் லைனை விட்டு வெளியே போயிருந்தாள். நடந்ததைச் சொன்னால் முதல் கேள்வி ‘அங்கே நீ என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்பதுதான். அதற்கு ஒரு டேர்ம் ரிலிகேட் ஆகலாம், அதாவது ஜூனியர்களோடு பின்தள்ளப்படலாம். அவளைத் தொட்டவன் இதை நன்றாகத் தெரிந்துதான் அந்த நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்திருந்தான். அமெரிக்க அகாடமிகளில் இப்போது இதற்கென்று ஒரு விதி இருக்கிறது: புகார் கொடுப்பவர் அந்தச் சம்பவத்தை ஒட்டிச் செய்த சிறு விதிமீறலுக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் வெளியே போனது, குடித்தது போன்றவை அதில் அடங்கும். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய கணக்கு உங்கள் பதிவேட்டில் இல்லை என்பது தெரியும்.

சரி, இனி நம் சர்வேக்கு வருகிறேன். அதன் குறைகளை மறைத்து உங்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

அது எப்படி நடந்தது என்று நினைவிருக்கிறதா? இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரையும் அரங்கில் உட்காரவைப்போம், கேடட் எண் வரிசைப்படி. பெயர் எழுத வேண்டாம் என்று மேடையிலிருந்து அறிவிப்போம். அறிவித்துவிட்டு, பயிற்சி அதிகாரிகள் நடைபாதையில் மேலும் கீழுமாக நடப்போம், தேர்வு மேற்பார்வை போல. முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: கோர்ஸ், ஸ்குவாட்ரன் (கேடட்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவு), ஆணா பெண்ணா. ஒரு ஸ்குவாட்ரனில் அந்தக் கோர்ஸைச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள் என்றால், அந்த மூன்று கட்டங்களுக்கும் பெயருக்கும் என்ன வித்தியாசம்? நான் கேடட்டாக இருந்தபோது அந்த இரண்டு பேரில் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த மூன்று கட்டங்களையும் காலியாக விட்டேன். தாளைச் சேகரித்த சார்ஜன்ட் ‘இதை நிரப்பவில்லையே’ என்று திருப்பிக் கொடுத்தார். பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. காலிக் கட்டம் இருந்தால் தாளை வாங்காதே என்று அவருக்கு உத்தரவு.

அதைவிட மோசமான ஒன்றைப் பயிற்சி அதிகாரியாக நடைபாதையில் நடந்தபோதுதான் கவனித்தேன். முதல் கேள்வி: ‘இந்த ஆண்டு நீங்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானீர்களா?’ இல்லை என்று குறித்தால் அடுத்த நான்கு பக்கங்களை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகலாம். ஆம் என்று குறித்தால் எப்போது, எங்கே, யார், எத்தனை முறை என்று நான்கு பக்கமும் நிரப்ப வேண்டும். அரங்கில் பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் பேனாவை மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு யார் யார் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அரங்கமே பார்க்கும். ஒரு பெண் ‘ஆம்’ கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதை அடித்து ‘இல்லை’யில் குறித்ததை நான் நேரில் பார்த்தேன். அந்தத் தாளும் உங்கள் புள்ளிவிவரத்தில் ‘இல்லை’ என்றுதான் ஏறியது.

இதற்கெல்லாம் தீர்வு உண்டு, அதுவும் பெரிய செலவில்லாத தீர்வு. ‘இல்லை’ என்பவருக்கும் அதே நீளத்தில் வேறு கேள்விகள் கொடுத்தால் எல்லோரும் ஒரே நேரத்துக்கு எழுதுவார்கள். ஸ்குவாட்ரனைக் கேட்கத் தேவையே இல்லை. கோர்ஸைக் கேட்டாலும், சிறிய எண்ணிக்கை வரும் இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுப் பதில்களைச் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். அரங்கில் சீருடை போட்டவர் ஒருவரும் இருக்கக் கூடாது. புள்ளியியல் படித்த எந்த இளைஞரைக் கேட்டாலும் ஒரு மாலையில் இதைச் சொல்லிவிடுவார்.

கேள்வியின் வாசகம்தான் இதில் பெரிய விஷயம். ‘பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானீர்களா’ என்று கேட்டால், கேட்பவர் மனதில் இருப்பதும் எழுதுபவர் மனதில் இருப்பதும் ஒன்றல்ல. என்னோடு இருந்த ஒருத்தியை ஒரு சீனியர் தொடர்ந்து பல இரவுகள் பி.டி. உடையில் வராந்தாவில் புஷ்-அப் போடவைத்து, அவள் உடம்பைப் பற்றி ஒவ்வொன்றாக வர்ணித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க வேறு சிலரையும் கூட்டிவருவான். சர்வேயில் அவள் ‘இல்லை’ என்றுதான் குறித்தாள். நான் கேட்டபோது, ‘அது தண்டனைதானே’ என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு அது அப்படித்தான் பட்டது. இங்கே எது பயிற்சி, எது தண்டனை, எது அத்துமீறல் என்ற கோட்டை அழிப்பதே சீனியர்களின் முதல் பாடமாக இருக்கிறது. ‘உங்கள் உடம்பைப் பற்றி யாராவது நீங்கள் விரும்பாத விதத்தில் பேசினார்களா, நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தார்களா’ என்று செயலைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவள் ‘ஆம்’ என்றிருப்பாள். அமெரிக்க சர்வேயில் அப்படித்தான் ஒவ்வொரு செயலாகக் கேட்கிறார்கள். அது துன்புறுத்தலா இல்லையா என்பதைப் பதில்களை வைத்துக் கணக்கிடுபவர்கள் முடிவு செய்கிறார்கள். கேடட்டின் தலையில் அந்தத் தீர்ப்பைச் சுமத்துவதில்லை.

பையன்களுக்கு இது இன்னும் பொருந்தும். நான் பயிற்சி அதிகாரியாக இருந்தபோது தூக்கமில்லை என்று மருத்துவரிடம் போன ஒரு பையன், பல நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தான். குளியலறையில் சீனியர்கள் சேர்ந்து செய்த ‘சேட்டை’ அது. அவன் அதை அந்தச் சொல்லால்தான் சொன்னான். அவன் விவரித்ததை எந்தச் சட்டப்புத்தகத்தில் வைத்துப் பார்த்தாலும் பாலியல் வன்முறை. இதெல்லாம் பெண்கள் விஷயம் என்ற நினைப்பு உங்கள் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. ‘பெண் கேடட்களின் பாதுகாப்பு’ என்பதைத் தாண்டி அதில் ஒரு வரி இல்லை. அமெரிக்க அகாடமிகளின் 2022 சர்வேயில் பெண்களில் 21.4 சதவீதம், ஆண்களில் 4.4 சதவீதம் பேர் விருப்பமில்லாத தொடுகைக்கு ஆளானதாகத் தெரிந்தது. அங்கே பெரும்பான்மை ஆண்கள் என்பதால் அந்தச் சின்ன சதவீதமும் தலைக்கணக்கில் சில நூறு பேர். நம் பதிவேட்டில் ஆண் கேடட் கொடுத்த புகார் என்று என் காலத்தில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்த 2022 எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களில் அது 2018-ல் 15.8 சதவீதமாக இருந்தது. இடையில் 2020-ல் எடுக்கவேண்டிய சர்வே கொரோனாவால் நடக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது எண் எகிறியிருந்தது. எப்போது ஏறத் தொடங்கியது என்று சொல்ல நடுவில் ஒரு புள்ளி இல்லை. மறுபடி 2024-ல் அது 13.3 சதவீதமாக இறங்கியது. ஏறியதையும் அறிவித்தார்கள், இறங்கியதையும் அறிவித்தார்கள். ஏறியபோது கூச்சப்பட்டுச் சர்வேயை நிறுத்தியிருந்தால், இறங்கியதைச் சொல்ல அவர்களிடம் என்ன ஆதாரம் இருந்திருக்கும்? நாளை நீங்கள் எடுக்கும் நல்ல நடவடிக்கை பலித்தால்கூட அது பலித்தது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

பெயரில்லாத பதிலைச் சரிபார்க்க முடியாது என்கிறீர்கள். முடியாதுதான். சரிபார்த்து ஒருவரைத் தண்டிப்பதற்காக அது இல்லை. அதற்கு விசாரணை இருக்கிறது. எந்தக் கட்டடத்தில், எந்த நேரத்தில், எந்தக் கோர்ஸில் பிரச்சினை குவிகிறது என்று பார்ப்பதற்குத்தான் சர்வே. விளையாட்டுக்குக் கண்டபடி குறிப்பவர்கள் எப்போதும் சிலர் உண்டு. முரணான பதில்களை வைத்து அவற்றைக் கண்டுபிடித்துத் தள்ள முறைகள் இருக்கின்றன. எத்தனை பேர் பதில் தந்தார்கள், யார் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பிரிட்டனில் 2021-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று படையில் உள்ள, இருந்த பெண்களிடம் கேட்டபோது, பங்கேற்ற நாலாயிரத்துச் சொச்சம் பேரில் 62 சதவீதம் பேர் மிரட்டல், பாகுபாடு, துன்புறுத்தல், பாலியல் தாக்குதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். விரும்பியவர்கள் முன்வந்து பேசிய கணக்கு அது. படையில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் அதே விகிதம் என்று படிக்கக் கூடாது. அந்த வரம்பு தெரிந்துதான் அதைப் பயன்படுத்துகிறார்கள். பணியில் இருக்கும் பெண்கள் வெளியே பேச வழக்கமாக உள்ள தடையை அதற்காக அமைச்சகம் தளர்த்தியது என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது காரணமான பெயர் கெடுவது பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை அகாடமியில் பழைய பாலியல் வன்முறைப் புகார்களைப் பல ஆண்டுகள் உள்ளுக்குள்ளேயே விசாரித்தார்கள். 2020-ல் முடிந்த அந்த விசாரணை 2023-ல் செய்தியாளர்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. அதன் பிறகு அந்த அகாடமி பதில் சொல்லவேண்டி வந்தது எண்களுக்காக அல்ல, மறைத்ததற்காக. ஆஸ்திரேலியாவில் 2011-ல், ஒரு பெண் கேடட்டுக்குத் தெரியாமல் அவளுடைய அந்தரங்கத்தை இணையம் வழியாகப் பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குக் காட்டிய சம்பவத்துக்குப் பிறகுதான் அந்நாட்டுப் பாதுகாப்புப் படை அகாடமியின் உள்நிலவரத்தை வெளியாள் ஒருவர் வந்து ஆராய்ந்தார். கனடா வேறு வழியில் போனது. 2019-ல் ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனமே நேரடியாகக் கேட்டது. முந்தைய ஓராண்டில் விருப்பமில்லாத பாலியல் நடத்தையைப் பார்த்தோ அனுபவித்தோ இருந்தவர்கள் 68 சதவீதம் என்று வந்தது. வந்த எண்ணை அடுத்த ஆண்டே வெளியிட்டார்கள். கல்லூரி மூடப்படவில்லை.

கனடாவிடமிருந்து இன்னொன்றும் இங்கே பொருந்தும், ஏனென்றால் சர்வேக்குப் பதிலாக ‘தெரிந்தவர் அனைவரும் கட்டாயம் புகாரளிக்க வேண்டும்’ என்ற விதியைக் கொண்டுவரப்போவதாக உங்கள் சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி சொல்கிறது. அங்கே அந்தக் கட்டாயம் இருந்தது. பாதிக்கப்பட்டவர், தோழியிடம் அழுதால்கூட அது தன் விருப்பம் இல்லாமல் மேலதிகாரியிடம் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். 2022-ல் அறிக்கை கொடுத்த முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி லூயிஸ் ஆர்பர் அதை நீக்கச் சொன்னார், 2024-ல் நீக்கிவிட்டார்கள். அவர்கள் பட்டுக் கைவிட்ட விதியை நாம் இப்போது புதிதாக எடுக்கப்போகிறோமா?

யாரும் எண்ணாத இன்னொரு கூட்டம் உண்டு: பாதியில் விட்டுப்போனவர்கள். அரங்கில் அந்த இரவு உட்கார்ந்திருப்பவர்களைத்தான் சர்வே கேட்கிறது. தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டியவள் அங்கே இருப்பதில்லை. அவளுடைய கோப்பில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். நான் பயிற்சி அதிகாரியாக அப்படிச் சில கோப்புகளில் கையெழுத்தானதைப் பார்த்திருக்கிறேன். என்ன சொந்தக் காரணம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கணக்கிலிருந்து முதலில் நழுவிப்போவது இப்படித்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

சர்வேயை நிறுத்தும் உத்தரவை, அடுத்த கோர்ஸ் வந்து சேர்வதற்குள் திரும்பப் பெறுங்கள். அதை நடத்தும் பொறுப்பை அகாடமியிடமிருந்தும் பயிற்சித் தலைமையகத்திடமிருந்தும் எடுத்து, படைக்கு வெளியே உள்ள புள்ளியியல் அமைப்பு ஒன்றிடம் கொடுங்கள். படிவத்தை வடிவமைப்பது, விநியோகிப்பது, எண்ணுவது மூன்றையும் அவர்களே செய்யட்டும். கேள்விகள் செயலைச் சொல்லிக் கேட்கட்டும். ஆண், பெண் இரு பாலருக்கும் ஒரே கேள்விகள் இருக்கட்டும். சீனியர்-ஜூனியர் தண்டனை என்ற பெயரில் நடப்பவற்றைத் தனியாகக் கேட்கட்டும். புகார் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் அதன் பிறகு என்ன நடந்தது, கொடுக்காவிட்டால் ஏன் என்பதும் அதில் வரட்டும். நம்மிடம் இதுவரை இந்தக் கடைசிக் கேள்வி இருந்ததே இல்லை.

பாதியில் விட்டுப்போகும் ஒவ்வொரு கேடட்டிடமும், போய் ஆறு மாதம் கழித்து அதே அமைப்பு தொடர்புகொண்டு கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.

புகார் கொடுப்பவரின் சிறு விதிமீறல்களைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதை முதல் நாள் வரவேற்புரையில், சீனியர்களும் கேட்கும்படி நீங்களே படியுங்கள். விசாரணை வேண்டாம், சிகிச்சையும் ஆலோசனையும் மட்டும் போதும் என்பவருக்கு, கமாண்ட் வரிசைக்குத் தெரியாமல் அவற்றைப் பெற ஒரு வழி திறந்திருக்க வேண்டும். கட்டாயப் புகார் விதியைக் கைவிடுங்கள்.

சர்வே எண்களையும் புகார் எண்களையும் ஒரே பக்கத்தில், ஆண்டுவாரியாக, பதில் தந்தவர்களின் விகிதத்தோடு பொதுவெளியில் வெளியிடுங்கள். கமாண்டன்ட்டின் ஆண்டு மதிப்பீட்டில் புகார் குறைவாக இருப்பதற்கு மதிப்பெண் கொடுக்கும் வழக்கத்தைப் பயிற்சித் தலைமையகம் ஒழிக்க வேண்டும். இது இருக்கும்வரை எந்த கமாண்டன்ட்டும் பூஜ்ஜியத்தைத்தான் விரும்புவார், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியாக, இது அவசரமானது. முந்தைய ஆண்டுகளின் படிவங்கள் நிர்வாகக் கட்டடத்தின் பதிவறையில் அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. வைத்திருக்கும் காலம் முடிந்த கோப்புகளை அழிக்கும் பட்டியலில் அவையும் சேர்க்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். அவற்றை அழிக்காதீர்கள். முன்பக்கக் கட்டங்களை மறைத்து, அந்த வெளி அமைப்பிடம் முதல் வேலையாக அவற்றை ஒப்படையுங்கள். அடித்துத் திருத்திய ‘ஆம்’கள் அந்தத் தாள்களில் எத்தனை இருக்கின்றன என்பதையும் அவர்கள் எண்ணட்டும். ஒப்படைத்த தேதியை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்த அகாடமியின் முன்னாள் கேடட், முன்னாள் பயிற்சி அதிகாரி